அன்றைக்கு வந்த எண்பத்து நாலு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதை இல்லை. என் வீட்டுக்காரரிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

அப்போது சிதம்பரத்தில் குழந்தைகள் பல் மருத்துவத்தில் மேற்படிப்பு, கடைசி வருஷம். கடலூர் செம்மண்டலத்தில் வீடு. தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கொரோனா சமயத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே ஆக்சிமீட்டர், அதைப் பல்லில் மாட்டிப் பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. பச்சைக் குழந்தைகளுக்கான சின்ன சென்சாரைப் பல்லின் முன்னும் பின்னும் பிடித்துக்கொள்ளும்படி நானே ஒரு பிடி செய்துவைத்திருந்தேன். பல்லுக்குள் இருக்கும் சதையில் ரத்தம் ஓடினால் எண் வரும். ஓடாவிட்டால் வெறும் கோடு. விரல் மாதிரி இல்லை, பல்லில் எண்பதைத் தாண்டினாலே நல்ல உயிர் என்று அர்த்தம். ஐஸ் வைத்துக் கூசுகிறதா என்று கேட்கும் பழைய முறையை முழுசாக நம்ப முடியாது. அடிபட்ட பல்லில் நரம்பு சில வாரம் மரத்துக் கிடக்கும், உள்ளே உயிர் இருந்தாலும் கூச்சம் தெரியாது. இதையெல்லாம் மேடையேறி ஸ்லைடு போட்டு விளக்கியவள் நான்தான்!

அப்படி ஒருநாள் என்னிடம் வந்த பெண்ணுக்கு எட்டு வயசு. அப்பாவுக்கு சிப்காட்டில் வேலை. சைக்கிளிலிருந்து விழுந்து, புதிதாய் முளைத்த முன்பல் ஒன்றில் அடி. மூன்று வாரம் ஆகியிருந்தது. அம்மாதான் கடலூரிலிருந்து பஸ் ஏற்றிக் கூட்டிவந்தார்.

“பொட்டப்புள்ள டாக்டரம்மா, முன்னாடி பல்லு. எப்படியாச்சும் காப்பாத்திக் குடுங்க” என்றார்.

ஐஸ் வைத்தேன். “கூசுதாடா கண்ணு?”

“இல்லக்கா.”

பல்லில் லேசாக மின்சாரம் பாய்ச்சிப் பார்க்கும் கரண்ட் டெஸ்ட் வைத்தேன். “ஒண்ணுமே தெரியலக்கா.”

என் மனசு துள்ளியது. வெட்கக்கேடு, ஆனால் துள்ளியது. பரீட்சைக்குக் காட்ட வேண்டிய கேஸ்களில் எனக்கு ஒன்றே ஒன்று பாக்கி: வேர் இன்னும் முழுசாக வளராத, உள்ளே செத்துப்போன முன்பல். மாசக்கணக்காகத் தேடிக்கொண்டிருந்தேன். இதோ, தானாக நாற்காலியில் வந்து உட்கார்ந்திருந்தது.

ஆராய்ச்சிக் கணக்குக்காக ஆக்சிமீட்டரையும் மாட்டினேன். “உயிர் இருந்தா நம்பர் வரும், பாரு” என்று வழக்கம்போல் சொல்லிவைத்திருந்தேன். அவள் கண் கொட்டாமல் திரையைப் பார்த்தாள். எண்பத்து நாலு. கழற்றி மறுபடி மாட்டினேன். மறுபடியும் எண்பத்து நாலு.

பிடியை வெளியே எடுத்ததுமே, “அக்கா, நம்பர் வருது! பல்லு உயிரோட இருக்குது!” என்றாள்.

“மெஷின் மக்கர் பண்ணுதுடா” என்றேன். சென்சாரின் வெளிச்சம் ஈறு வழியாகக் கசிந்து, ஈறில் ஓடும் ரத்தத்தை அளந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செத்த பல்லுக்கு மரப்பு ஊசி எதற்கு? உள்ளே செத்த சதையை எடுப்பதற்காக, ஊசி போடாமலே துளைக்க ஆரம்பித்தேன். ஐஸுக்கு அசையாத நரம்பில் நேராகத் துளைகருவி பட்டதும் அவள் வீறிட்டாள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. துளையிலிருந்து செக்கச்செவேலென்று ரத்தம் வந்தது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். மேலாக மருந்து வைத்து மூடியிருந்தால் மிச்சம் பிழைத்து, வேர் தன்பாட்டுக்கு வளர்ந்திருக்கும். ஆனால் நிறுத்தினால் கேஸ் போச்சு, நான் செய்த தப்பும் வெளியே தெரிந்துவிடும். அப்புறம்தான் ஊசி போட்டேன். போட்டு, உயிரோடு இருந்ததை முழுசாக வழித்து எடுத்தேன். கேஸ் ஷீட்டில் ஐஸுக்குப் பதில் இல்லை, கரண்டுக்குப் பதில் இல்லை என்று எழுதினேன். எண்பத்து நாலை எழுதவில்லை. ஆராய்ச்சிக் கணக்கிலிருந்தும் அவளை எடுத்துவிட்டேன். ஐஸ் வைத்தபோது குழந்தை உண்மை சொன்னாள், மெஷினும் உண்மை சொன்னது. பொய் சொன்னவள் நான் ஒருத்திதான்.

“உள்ள கெட்டுப்போயிருந்துது, அதான் வலிச்சுது” என்றேன் அம்மாவிடம். அவர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

வேரின் நுனியை மருந்தால் அடைத்துப் பல்லை மூடிய கடைசி நாளன்று, அம்மா ஒரு பொட்டலம் முந்திரிப்பருப்பு கொண்டுவந்திருந்தார். எல்லாம் முடிந்ததும் அந்தப் பெண், “அக்கா, இன்னொரு வாட்டி அந்த கிளிப்ப மாட்டுங்க” என்றாள். மறுக்கக் காரணம் கிடைக்கவில்லை. பக்கத்துப் பல்லில் எண் வந்தது. நான் கைவைத்த பல்லில் கோடு.

“இதுல அன்னைக்கு எண்பத்தி நாலு வந்துச்சேம்மா! நான் பாத்தேன். அப்ப உயிரோடதான் இருந்துச்சு.”

அம்மா என்னைப் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். அவர் மகள் தலையில் ஒரு குட்டு வைத்தார்.

“டாக்டரம்மாவுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிடுச்சா? அவுங்களையே பொய் சொல்றாங்கன்றியா? மொதல்ல சாரி கேளு.”

தலையைத் தடவிக்கொண்டே அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“சாரிக்கா.”

“பரவால்லடா” என்றேன் நான்.