முன்வரிசை எட்னா

இப்போதெல்லாம் நாடகத்துக்கு அன்றன்றைய மலிவு டிக்கெட் வேண்டுமென்றால், படுக்கையில் கிடந்தபடியே கைபேசியில் பேரைத் தட்டிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொள்ளலாம். குலுக்கலில் விழுந்தால் உண்டு, விழாவிட்டால் இல்லை. யார் முகத்திலும் முழிக்க வேண்டாம். என் அக்கா மகள் இதைப் பெரிய வசதி என்கிறாள். வசதிதான், யார் இல்லையென்றது? ஆனால் ஸ்ட்ராண்ட் சாலைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்தில், நடைபாதையில் குந்தியிருந்து குளிரில் நடுங்கி வாங்கிய டிக்கெட்டுக்கு ஒரு ருசி இருந்தது. அதில் பாதி எட்னா விக்ஸ்டெட்டால் வந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ‘சால்ட் லேன்’ என்ற இசை நாடகம் லண்டனையே ஆட்டிவைத்துக்கொண்டிருந்தது. மீன்பிடித் துறைமுகம், கடலுக்குப் போய்த் திரும்பாத காதலன், கடைசியில் கதாநாயகி மேடை விளிம்புக்கு வந்து தனியாக நின்று பாடும் பாட்டு. அந்தப் பாட்டை அப்போது பால்காரன் முதல் பல் டாக்டர் வரை முணுமுணுத்தார்கள். டிக்கெட்டெல்லாம் மாதக்கணக்கில் முன்கூட்டியே தீர்ந்துவிடும். முன்வரிசையை மட்டும் தியேட்டர்காரர்கள் ஒதுக்கி வைத்திருந்து, அன்றன்று காலை பத்து மணிக்குக் கவுன்டரில் பத்து பவுண்டுக்குக் கொடுப்பார்கள். அதுவும் தீர்ந்தால், கடைசி வரிசைக்குப் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்க்கிற டிக்கெட். முன்வரிசையில் கழுத்து வலிக்கும், நடிகர்களின் எச்சில் தெறிக்கும், வாத்தியக் குழுவை நடத்துகிறவரின் வழுக்கைக்கு மேலேதான் கதாநாயகி தெரிவாள். அதற்குத்தான் விடியும் முன்பே அடிபிடி.

நான் அப்போது தபால் பிரிக்கும் நிலையத்தில் இரவு வேலை பார்த்தேன். முதல் தடவை வேலை முடிந்து சீருடையோடு நேராக அங்கே போனபோது, வரிசையின் நடுவில் எங்கள் தெருக்காரர் ட்ரெவர் உட்கார்ந்திருந்தார். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். நலம் விசாரிக்கிற மாதிரி மெல்ல அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டேன். வரிசையின் தலைமாட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

“யாருப்பா அது, தபால்காரத் தம்பி? அங்க என்ன வேலை?”

“சும்மா பேசிக்கிட்டிருக்கேங்க.”

“பேசு கண்ணு, தாராளமாப் பேசு. கடைசியில போய் நின்னுக்கிட்டுச் சத்தமாப் பேசு. அவருக்குக் காது நல்லாத்தான் இருக்கு.”

எல்லாரும் சிரித்தார்கள். நான் காது சிவக்கக் கடைசிக்குப் போனேன். அவள்தான் எட்னா. அறுபதை நெருங்கிய, குட்டையான, அகலமான பெண்மணி. டெப்ட்ஃபர்டில் ஒரு சலவைக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காசு போட்டால் ஓடும் இயந்திரங்கள் சுவரோரமாக வரிசையாக நிற்குமே, அந்த மாதிரிக் கடை. சனிக்கிழமை வேலை செய்வதால் வியாழக்கிழமை அவளுக்கு விடுமுறை. வியாழன் என்றால் வரிசையில் முதல் ஆள் அவள்தான். எத்தனை மணிக்கு வருகிறாள் என்பதை யாரும் கண்டதில்லை, ஏனென்றால் யாரும் அவளுக்கு முன்னால் வந்ததில்லை.

துவைக்கப் போட்டுவிட்டு வாங்க வராதவர்களின் போர்வைகளையும் மெத்தை விரிப்புகளையும் ஒரு தள்ளுவண்டியில் போட்டுக் கொண்டுவருவாள். வரிசையில் இருக்கிற எல்லாருக்கும் ஆளுக்கொன்று. ஊர் பேர் தெரியாதவர்களின் பூப்போட்ட விரிப்புகளில் உட்கார்ந்து நாங்கள் தேநீர் குடிப்போம். நான் எப்போதும் பன்றி இறைச்சி வைத்த பன் வாங்கி வருவேன். அவள் மேலே இருக்கிற ரொட்டியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மற்றதைத் தின்பாள்.

“யாரு படுத்ததோ எவன் புரண்டதோ, நம்மள உக்கார வைக்கிறா பாரு” என்பார் ட்ரெவர், வாராவாரம்.

“துவைச்சதுய்யா அது! உன்னையும் ஒரு நாள் மெஷின்ல போட்டு எடுத்தா நல்லாத்தான் இருக்கும். ஆனா கதவு மூடாது.”

ஒரே நாடகத்தை வாராவாரம் பார்க்க அவளுக்கு என்ன பைத்தியமா என்று நானும் நினைத்தேன். அவள் மகள் லோர்னா அந்த நாடகத்தில் இருக்கிறாள் என்று பிறகுதான் தெரிந்தது. மீன்கூடை தூக்கிக்கொண்டு கூட்டமாகப் பாடும் பெண்களில் ஒருத்தி. கூடவே இன்னொரு பொறுப்பும் அவளுக்கு உண்டு. கதாநாயகிக்கு உடம்புக்கு முடியாமல் போனால் அந்த வேடத்தைக் கட்ட வேண்டிய மாற்று நடிகை அவள்தான். வேடம் முழுவதும் அவளுக்கு மனப்பாடம். நாடகம் தொடங்கி ஒன்றரை வருடம் ஆகியும் ஒரு தடவைகூட மேடையில் அதைப் பாடக் கிடைக்கவில்லை.

எட்னாவின் சிக்கல் இதுதான். கதாநாயகிக்கு எப்போது தொண்டை கட்டும் என்று யாருக்குத் தெரியும்? ஆட்டத்தன்று மதியம்தான் தெரியும். தெரிந்த பிறகு டிக்கெட்டுக்கு ஓடினால் ஒன்றும் மிஞ்சியிருக்காது. கூட்டத்தில் பாடுகிறவர்களின் வீட்டாருக்கு இலவச டிக்கெட் எல்லாம் முதல் வாரத்தோடு சரி. ஆகவே லீவு கிடைக்கிற ஒரே நாளில், இன்றைக்கு இருக்குமோ என்று காலையிலேயே டிக்கெட்டை வாங்கி வைத்துக்கொள்வாள். கதாநாயகியாக நடித்த அம்மாளுக்கோ நல்ல திடகாத்திரமான உடம்பு.

“நான் யாருக்கும் கெட்டது நினைக்கிறவ இல்ல” என்று எட்னா என்னிடம் ஒரு நாள் சொன்னாள். “பெருசா ஒண்ணும் வேண்டாம். லேசா ஒரு ஜலதோஷம். அவ்வளவுதான் நான் கேக்கறது.”

அதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. எட்னாவுக்கு வாய் சும்மா இருக்காது. முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பாட்டுக்கும் உதட்டை அசைப்பாள். மகள் மீன்கூடையோடு வந்தால் கையை வேறு ஆட்டுவாள். கூட்டத்தில் ஒருத்தியாக நிற்கும்போது லோர்னா அதைப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒரு கிறிஸ்துமஸ் சாப்பாட்டின்போது அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். என்றைக்காவது தான் கதாநாயகியாகப் பாடினால், அம்மா முன்வரிசையில் இருக்கக் கூடாது. அந்த உதடு அசைவதைப் பார்த்தால் தனக்குச் சிரிப்பு வரும், இல்லாவிட்டால் பாட்டே மறந்துபோகும் என்று சொல்லியிருக்கிறாள்.

“அதுக்கென்ன, சத்தியம்தானே, பண்ணினேன்” என்றாள் எட்னா. “வரப்போ பாத்துக்கலாம்.”

அது மார்ச் மாதத்து வியாழன் ஒன்றில் வந்தது. அன்று நான் வரிசைக்குத் தாமதமாக வந்ததால் முன்வரிசை தீர்ந்து, மதிய ஆட்டத்துக்கு நிற்கிற டிக்கெட்தான் கிடைத்தது. எட்னாவுக்கு வழக்கம்போல முன்வரிசையில் நட்டநடு இருக்கை. ட்ரெவருக்கு அதே வரிசையில் ஓரம். மூவரும் மதியம் வரை ஒரு காபிக் கடையில் கிடந்துவிட்டு, இரண்டு மணி போல தியேட்டருக்குள் நுழைந்தோம்.

நுழைவு மண்டபத்தில் ஒரு பலகை வைத்திருந்தார்கள், அதைச் சுற்றிக் கூட்டம். இந்த ஆட்டத்தில் கதாநாயகி வேடத்தில் லோர்னா விக்ஸ்டெட் என்று அதில் எழுதியிருந்தது.

எட்னா அதை வாய்விட்டுப் படித்தாள். பிறகு பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை படித்தாள். எங்களுக்கு முன்னால் நின்ற, நல்ல கோட்டு போட்ட ஒரு பெண் தன் கணவனிடம் எரிந்து விழுந்தாள்.

“யாரு இந்த லோர்னா? பேரே கேள்விப்பட்டதில்ல. இதுக்கா லீட்ஸ்லேர்ந்து ரயிலேறி வந்தோம்? போய்க் காசைத் திருப்பிக் கேளுங்க.”

எட்னா விடுவாளா? அந்தக் கோட்டின் முழங்கையைத் தட்டினாள்.

“காசைத் திருப்பி வாங்கிட்டுப் போனீங்கன்னா, நாளைக்கு உங்க ஊர்ல யார்கிட்டயும் இதைச் சொல்லிறாதீங்க கண்ணு. உங்களைப் பாத்துச் சிரிப்பாங்க.”

அந்தப் பெண் திகைத்துப்போய்க் கணவனை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள். ட்ரெவர் தொப்பியைக் கழற்றி எட்னாவுக்கு ஒரு சலாம் போட்டார். நான் அவளைக் கட்டிப்பிடிக்கப் போனேன். அவள் என் சட்டைப்பையில் இருந்த டிக்கெட்டை உருவிக்கொண்டு, தன்னுடையதை என் கையில் திணித்தாள்.

“நீ முன்னாடி போய் உக்காரு லயனல். நான் பின்னாடி நின்னுக்கறேன்.”

“உங்களுக்கென்ன புத்தி பிசகிருச்சா? ஒன்றரை வருஷமா இதுக்குத்தானே நடைபாதையில கிடந்தீங்க? அந்த முழங்காலை வச்சுக்கிட்டு ரெண்டரை மணி நேரம் எப்படி நிப்பீங்க?”

“முழங்கால் என்னோடது. சத்தியமும் என்னோடது. பிள்ளைக்கு இன்னைக்குப் பாட்டு மறந்துச்சுன்னா அப்புறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வீட்டுக்குப் போறது?”

“அப்ப என் இடத்துக்கு வா” என்றார் ட்ரெவர். “ஓரமாத்தானே இருக்கு.”

“ஓரமா இருந்தாலும் முன்வரிசை முன்வரிசைதான்யா. எனக்கு உதடு நிக்காது. எனக்கே தெரியும்.”

சொல்லும்போது அவள் குரல் உடைந்தது. அதற்கு மேல் வாதாட எங்களுக்கு மனம் வரவில்லை. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் பின்னால் போய் நிற்பதைப் பார்த்துவிட்டு நாங்கள் முன்னால் போனோம்.

விளக்கு அணைந்தது. முதல் காட்சியில் லோர்னா ஓடிவந்தாள். அரங்கத்தில் மரியாதைக்குக்கூட ஒரு கைதட்டல் இல்லை. முதல் வரியில் அவள் குரல் நடுங்கியது. அப்போது அவள் கண்கள் கீழே இறங்கி, நேராக என் இருக்கைக்கு வந்தன. என்னைப் பார்த்தாள். வரிசையின் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை பார்த்தாள். மறுபடியும் என்னிடமே வந்தாள்.

யாரைத் தேடுகிறாள் என்று எனக்குப் புரிந்துவிட்டது. அடுத்தவர் வீட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்து மாட்டிக்கொண்டவன் மாதிரி நெளிந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல், கட்டைவிரலைத் தோளுக்கு மேலே தூக்கிப் பின்னால் காட்டினேன். அவளுக்கு அது விளங்கவில்லை. பக்கத்திலிருந்தவர் என் விலாவில் இடித்தார். அதன்பிறகும் ஒவ்வொரு பாட்டின் நடுவிலும் அந்தக் கண்கள் என் இருக்கைக்கு வந்து வந்து போயின.

ஆனாலும் பாடினாள். பாடப் பாடக் குரல் திறந்துகொண்டது. அந்த நாடகத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கடைசிப் பாட்டுக்கு அன்றைக்குத்தான் அழுதேன். திரும்பி வராத ஒருவனை அவள் அரங்கம் முழுக்கத் தேடுவது போலப் பாடினாள். மற்றவர்களுக்கு அது நடிப்பு. எனக்கும் ட்ரெவருக்கும் மட்டும்தான் விஷயம் தெரியும்.

பாட்டு முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்றது. லீட்ஸ் பெண்மணி கோட்டைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினாள். நான் திரும்பிப் பார்த்தேன். மேடை வெளிச்சத்தில், எழுந்து நின்றவர்களின் இடுக்கு வழியே, கடைசிக் கம்பியோரம் எட்னாவின் தலை மட்டும் தெரிந்தது. அவள் கைதட்டவில்லை. பாட்டு முடிந்த பிறகும் அவள் உதடுகள் அசைந்துகொண்டிருந்தன.

ஆட்டம் முடிந்து நடிகர்கள் வெளியே வரும் பின்கதவுக்கு அவளைக் கைத்தாங்கலாக அழைத்துப்போனோம். முழங்கால் வீங்கிவிட்டது. தள்ளுவண்டியைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் போர்வைகளை மடித்து வைத்து உட்காரவைத்தோம்.

லோர்னா அந்த வேடத்தைக் கட்டியது அந்த ஒரு மதியம்தான். மாலை ஆட்டத்துக்குக் கதாநாயகி அம்மாள் வந்துவிட்டாள். மாற்று நடிகைக்கு அரங்கமே எழுந்து நின்றது என்ற செய்தியைவிடச் சிறந்த தொண்டை மருந்து லண்டனில் கிடையாது. அதன்பிறகு அந்த அம்மாளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அடுத்த வருடம் நாடகமே நின்றுபோனது. லோர்னா கொஞ்ச காலம் கப்பல்களில் பாடினாள், பிறகு கல்யாணம் செய்துகொண்டு பிரைட்டனில் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக்கொடுத்தாள். எட்னா போய்ச்சேர்ந்து பல வருடங்கள் ஆகின்றன. இதெல்லாம் தெரியாமல் அன்றைக்கு நாங்கள் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

கதவு திறந்தது. லோர்னா அரிதாரத்தைக்கூடக் கலைக்காமல் வந்தாள். கையெழுத்துக் கேட்டு நீட்டியவர்களையெல்லாம் விலக்கிக்கொண்டு நேராக அம்மாவிடம் வந்தாள். என்னைப் பார்த்ததும் விரலை நீட்டினாள்.

“இவன்தான்! இவன் யாரும்மா? ஆட்டம் பூரா உன் இடத்துல உக்காந்துக்கிட்டு எனக்குக் கட்டைவிரலை ஆட்டிக் காட்டறான். நீ எங்க போய்த் தொலைஞ்ச? உனக்கு என்னமோ ஆயிருச்சுன்னு நினைச்சேன்!”

“பின்னாடி நின்னுக்கிட்டிருந்தேன்டி.”

“பின்னாடியா? ஏன்?”

“நீதானே முன்னாடி வரக்கூடாதுன்ன. சத்தியம் வாங்கின.”

லோர்னா அப்படியே மண்டியிட்டு அம்மாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கண்மை கரைந்து கன்னமெல்லாம் ஓடியது.

“பொறந்ததுலேர்ந்து ஒரு நாளாவது என் பேச்சைக் கேட்டிருக்கியாம்மா நீ? இன்னைக்குத்தான் கேக்கணுமா?”