என் சிறுவயதுக்கு லொகேஷன் பார்க்கப் போனேன்

சென்னை சென்ட்ரலிலிருந்து ரயில் கிளம்பியபோது பிற்பகல் ஒன்றரை மணி. மூன்றடுக்கு ஏசி, ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். தயாரிப்பாளர் விமான டிக்கெட் எடுத்துத் தருவதாகத்தான் சொன்னார். நான்தான் வேண்டாம் என்றேன். எடுக்கப் போவது என் சொந்தக் கதை, தாராவிப் பக்கம் வளர்ந்த பத்து வயதுப் பையனின் கதை. அதற்கு இடம் பார்க்க ரயிலிலேயே போனேன் என்றால் பேட்டியில் சொல்ல நன்றாக இருக்கும். பேட்டி எடுக்க ஆளே வராவிட்டாலும் பதிலைத் தயாராக வைத்திருக்கும் பிழைப்பு எங்களுடையது.

போகிற வேலை இரண்டு. தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் நாங்கள் குடியிருந்த அறையில் படம் எடுக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். பிறகு செம்பூரில் இருக்கும் என் அக்கா எஸ்தரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். உண்மைக் கதை என்று விளம்பரம் செய்வதால், உயிரோடிருக்கும் குடும்பத்தார் திரைக்கதையைப் படித்துவிட்டு ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தரவேண்டும் என்பது தயாரிப்பாளருடைய வக்கீலின் நிபந்தனை. அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மிச்சம் அக்கா மட்டும்தான். அவள் கையெழுத்து இல்லாமல் திங்கட்கிழமை பூஜை கிடையாது.

திரைக்கதையை மூன்று வாரம் முன்பே கூரியரில் அனுப்பியிருந்தேன். தமிழ்ப் பிரதி. அக்கா படித்தது முனிசிபல் ஹிந்திப் பள்ளியில், ஆறாவது வரை. போனில்கூட ஹிந்தி எழுத்துதான் வைத்திருப்பாள். என்னிடம் ஹிந்திப் பிரதியும் இருந்தது. அதை அனுப்பவில்லை. படிக்கக் கொடுத்தோம் என்றும் ஆகும், அவளால் படிக்கவும் முடியாது. அயோக்கியத்தனம் என்று தெரிந்துதான் செய்தேன்.

மாலை நான்கு மணி. ரேணிகுண்டா தாண்டியிருந்தது. எதிர் இருக்கையில் செம்பூர்க்காரர் ஒருவர், ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், முறுக்கு நீட்டியபடி பேச்சுக் கொடுத்தார்.

"சார் என்ன பண்றேள்?"

"சினிமா டைரக்டர். இப்போ என் சின்ன வயசுக் கதையைப் படமா எடுக்கப் போறேன்."

"அப்படி என்ன நடந்தது உங்களுக்கு?"

கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கேட்டவர்களை எல்லாம் அழ வைத்த காட்சியைச் சொன்னேன். பெல்ட்டுக்குப் பக்கிள் அடிக்கும் பட்டறையில் பையன் வேலை செய்கிறான். கை பிரஸ்ஸில் ஆள்காட்டி விரல் நசுங்கிவிடுகிறது. அடிபட்டது தெரிந்தால் பட்டறைக்காரன் அன்றே துரத்திவிடுவான், சனிக்கிழமைச் சம்பளம் போய்விடும், திங்கட்கிழமை பள்ளியில் பீஸ் கட்ட முடியாது. பையன் கையைத் துணியில் சுற்றி, அம்மாவுக்குக்கூடத் தெரியாமல் இரண்டு நாள் மறைக்கிறான். தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பணம் போட ஒப்புக்கொண்டது இந்தக் காட்சிக்குத்தான்.

செம்பூர்க்காரர் போர்வை மேலிருந்த என் கைகளைப் பார்த்தார். பத்து விரலும் முழுசாக இருந்தன.

"விரல் நன்னா ஆறிடுத்தோ?"

"அது வந்து, சினிமாவுக்காகக் கொஞ்சம் மாத்தினது சார்."

"ஓஹோ. அப்போ யாரோட விரல் அது?"

போன் வந்ததுபோல எழுந்து கதவுப் பக்கம் போய்விட்டேன். அது அக்காவின் விரல். அவளுக்குப் பதின்மூன்று வயது அப்போது. படத்தில் அவளே கிடையாது. ஒரே பிள்ளை என்றால்தான் பார்க்கிறவர்கள் மனம் ஒருவன் மேலேயே நிற்கும் என்று கதை விவாதத்தில் முடிவாயிற்று. முடிவு செய்தவன் நான்தான்.

மறுநாள் பகல் பதினொன்று நாற்பதுக்கு தாதர். ஏறக்குறைய ஆயிரத்து இருநூற்று எழுபது கிலோமீட்டர், நாற்பது நிமிடம் தாமதம். லொகேஷன் பார்த்துத் தரும் செல்வின் பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தார். பூர்வீகம் நாசரேத் பக்கம், பிறந்தது லேபர் கேம்ப். டாக்ஸிக்கு எழுபது ரூபாய் ஆனது.

பன்னிரண்டரை மணிக்கு எங்கள் சந்துக்குள் நுழைந்தோம். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்ட வேண்டிய அகலம், அதில் மாற்றமில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைமேல் இப்போது இரண்டு மாடி ஏறியிருக்கிறது. வெளியே செங்குத்தாக இரும்பு ஏணி. சந்து முனையில் பொதுக் குழாய் மட்டும் அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் ஓடிப்போய்த் திருகிப் பார்த்தேன்.

"அண்ணாச்சி, அதுல பானி வந்து பல வருசம் ஆச்சு" என்றார் செல்வின். "எல்லார் கோலிக்கும் தனித்தனி கனெக்சன் இருக்கு. ஆனா இந்த நல்லிய எடுக்க விடமாட்டாங்க. மாசம் ஒரு ஷூட்டிங் வருதுல்லா? டேங்கர வச்சு பைப் போட்டா தண்ணி கொட்டும். டென்சனே கிடையாது." தண்ணீருக்குப் பானி, அறைக்குக் கோலி, குழாய்க்கு நல்லி, இந்த ஊர்த் தமிழ்.

பழைய அறையில் இப்போது குடியிருக்கும் பெண் வாசலுக்கு வந்தார். எங்களைப் பார்த்ததுமே சினிமா என்று புரிந்துவிட்டது.

"கியூல நிக்கணுமா, சண்ட போடணுமா? சண்டைன்னா ரேட் வேற. போன படத்துல நான் குடத்தத் தூக்கி அடிச்சேன், பாத்தீங்களா?"

"நான் இந்த வீட்டுலதாம்மா வளர்ந்தேன்" என்றேன்.

"போன டைரக்டரும் அப்படித்தான் சொன்னாரு" என்றார் அவர்.

செல்வின் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சென்னையில் எந்த மேடை ஏறினாலும் நான் தாராவிக்காரன் என்று ஆரம்பிப்பவன், இங்கே வாடகை பேச வந்த ஆளாக நின்றேன். பக்கிள் பட்டறை இருந்த இடத்தில் மொபைல் ரிப்பேர் கடை. பட்டறையை செட் போட்டுக்கொள்ளலாம், அறை சரிப்படும் என்று செல்வினிடம் சொல்லிவிட்டு, நாற்பது ரூபாய்க்கு டாக்ஸி பிடித்து குரு தேக் பகதூர் நகர் ஸ்டேஷன் போனேன். அங்கிருந்து ஹார்பர் லைனில் செம்பூருக்கு ஐந்து ரூபாய். இந்த ஊரில் விலை ஏறாதது இதுதான்.

பிற்பகல் இரண்டே முக்காலுக்கு அக்கா வீடு. நான்காவது மாடி. அத்தான் இறந்து ஆறு வருடம், மகள் புனேயில். அக்கா ஒரு ஆபீஸ் கேன்டீனில் சமையல் வேலை பார்க்கிறாள். எனக்காக அரைநாள் லீவு போட்டிருந்தாள்.

"மெலிஞ்சு போயிட்டியேடே. கையக் கழுவு, சாள மீன் கொழம்பு வச்சிருக்கேன்."

சாப்பிட்டு முடித்ததும் கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தேன். ஹிந்தியில் இருந்தால் அவளுக்குச் சுலபம் என்று, அதை மட்டும் கரிசனமாக ஹிந்தியில் அடித்துக் கொண்டுபோயிருந்தேன்.

"இங்க ஒரு கையெழுத்து போதும்க்கா. சும்மா ஒரு பார்மாலிட்டி."

"இரி. போடுதேன்." உள்ளே போய், பைபிளுக்கு அடியிலிருந்து என் திரைக்கதையை எடுத்து வந்தாள். பக்கங்களின் ஓரங்கள் சுருண்டிருந்தன. ஆங்காங்கே பென்சில் கோடு.

"யார் வாசிச்சுச் சொன்னாங்க?" என்றேன்.

"யார் சொல்லணும்? நான்தான் வாசிச்சேன்."

"உனக்குத் தமிழ் வாசிக்க வருமா?"

"இருவது வருசமா கோயில்ல பாடம் வாசிக்கிறவ யாருன்னு நெனச்ச? நீ அந்தப் பக்கமே எட்டிப் பாக்குறதில்ல. உனக்கு எப்படித் தெரியும்?"

எங்கள் சபையில் பிரசங்கத்துக்கு முன்னால் ஒருவர் எழுந்து நின்று வேதபாடத்தை உரக்க வாசிக்க வேண்டும். பெண்களும் முறை வைத்து வாசிப்பார்கள். கல்யாணமாகி வந்த பிறகு, அந்த முறைக்காகவே சபை ஆயரின் மனைவியிடம் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறாள். கூடப் பிறந்தவனுக்கு இது தெரியாது. வெட்கமாக இருந்தது.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆள்காட்டி விரல் அடிக்கணுவோடு நின்றுவிட்டதால், நடுவிரலை வரிக்குக் கீழே ஓட்டினாள். கோயிலில் வாசிக்கும் அதே குரல், நிறுத்தி நிறுத்தி.

"காட்சி நாற்பத்திரண்டு. பகல். வீட்டின் உள்ளே. பையன் வலது கையைத் துணியில் சுற்றி முதுகுக்குப் பின்னால் மறைக்கிறான். அம்மா கவனிக்கவில்லை. சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்."

மூடி வைத்தாள்.

"இதுல நான் எங்கடே?"

"அம்மா கேரக்டரோட சேத்துட்டோம்க்கா. ரெண்டு பிள்ளைன்னா கதை செதறிடும்."

"சரி. வெரல நீ எடுத்துக்கிட்ட. வச்சுக்கோ. எனக்கு அது போய் எத்தன வருசமாச்சு." கண்ணாடியைக் கழற்றினாள். பிறகு, "அன்னைக்கு பாயில உக்காந்து ஒருத்தன் கணக்குப் போட்டுட்டு இருந்தான். துணியில ரத்தத்தப் பாத்தான். அம்மாட்ட சொல்லிராத, சனிக்கிழம வரைக்கும்னு சொன்னேன். தலைய ஆட்டிட்டு மறுபடியும் கணக்குப் போட்டான். அவன் எங்க? நூத்திப் பன்னண்டு பக்கமும் தேடிட்டேன் துரை. என்னைக் காணலன்னா போகட்டும். உன்னையும்லா காணல."

அவள் சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. வியாழக்கிழமை பார்த்தேன். சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவே கண்டுபிடிக்கும்வரை வாய் திறக்கவில்லை. அன்றே கூட்டி வந்திருந்தால் விரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சொன்னதும் என் காதில் விழுந்தது. அக்கா சொன்னாள், அதனால் சொல்லவில்லை என்று இத்தனை வருடமும் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது மட்டும் காரணமில்லை. அவளுடைய சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் எனக்குத் திங்கட்கிழமை பீஸ் கட்ட வேண்டியிருந்தது.

அக்கா பேனாவைக் கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் நடுவே பிடித்து, கடிதத்தில் தமிழில் எஸ்தர் என்று கையெழுத்துப் போட்டாள். அச்சு மாதிரி எழுத்து.

"திருத்தி எழுதுறேன்க்கா. அந்தப் பையனைக் கொண்டு வந்துடுறேன்."

"எழுதுனா எழுது" என்றாள். லிப்ட் வரை வந்து, மழைக்காலத்தில் வந்தால் குடை கொண்டு வா என்றாள்.

மாலை நான்கரை. செம்பூர் பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தேன். பாய், கணக்கு நோட்டு, பார்த்துவிட்டுத் தலை குனியும் பையன். பத்து வரி எழுதியிருப்பேன். இந்தத் திரைக்கதையோடு மல்லுக்கட்டிய ஏழு வருடமும் எழுத வராதது பத்து நிமிடத்தில் வந்தது. அப்போது தயாரிப்பாளர் போனில் வந்தார்.

"கையெழுத்து ஆச்சா?"

"ஆச்சு சார்."

"அக்கா படிச்சாங்களா? ஏதாவது சொன்னாங்களா? மாத்தணும்னா இப்பவே சொல்லிடுங்க. திங்கட்கிழமைக்கு எல்லாரையும் கூப்பிட்டாச்சு. ஹீரோ மேல உள்ள பரிதாபம் மட்டும் போயிடக்கூடாது, அதுதான் படமே."

மடியில் நோட்டு திறந்தே இருந்தது. லோக்கல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

"ஒண்ணும் சொல்லல சார்" என்றேன்.

நோட்டை மூடிப் பைக்குள் போட்டேன். வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், அக்கா கையெழுத்துப் போட்ட காகிதம் மடங்காமல் இருக்கிறதா என்று ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.