சொப்பிங் பைக்குள் ஒரு போன்

கடந்த சனிக்கிழமை மயிலிட்டித் துறைமுகத்தில், நாலு பேர் பார்க்க நான் துள்ளிக் குதித்தேன். என் வயதுக்கு அது அழகில்லைதான்... குதித்துவிட்டேன், என்ன செய்ய?

மீனவர் சங்கம் ஒன்றுக்கு நாங்கள் ஓர் ஆப் செய்து கொடுத்தோம். திரும்பி வரும் படகு, என்ன மீன், எவ்வளவு என்று கடலில் இருந்தே அறிவித்தால் கரையில் ஐஸ் தயாராக நிற்கும். மீன் பழுதாகாது. நல்ல யோசனை, இல்லையா?

செய்த விதம்தான் சொதப்பல். வாட்டர்ஃபால் முறை — எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி, கையெழுத்து வாங்கி, முழுவதையும் செய்து முடித்து, கடைசி நாளில் திறந்து காட்டுவது. பாலம் கட்டுபவர்களுக்கு அது சரி. பாதிப் பாலத்தில் ஆட்களை நடக்கவிட்டுப் பார்க்க முடியுமா?

நான் தொண்ணூறு பக்கம் எழுதினேன். சங்கத் தலைவர் அன்ரன் அண்ணை ஒரு பக்கமும் வாசிக்கவில்லை.

"படிச்ச பிள்ளையள் எழுதினது பிழையாகுமே?" என்று சொல்லி எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை!

ஆறு மாதத்தில் ஆப் வந்தது. ஒருவரும் தொடவில்லை.

சங்கச் செயலாளர் ஸ்ரெல்லா அக்கா அழாக்குறையாக என்னை அழைத்தார். "நான்தானே வீடு வீடாப் போய் எல்லாரையும் சம்மதிக்க வைச்சனான். வாற மாசக் கூட்டத்திலை உந்த ஆப்பை நிப்பாட்டப் போகினமாம். என்ரை முகத்தை எங்கை கொண்டுபோய் வைக்கிறது?"

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் — அதன்பிறகுதான் நான் முதன்முதலாகத் துறைமுகத்துக்கே போனேன். அன்ரன் அண்ணை தன் போனைத் தூக்கிக் காட்டினார்.

"தண்ணி படாமல் பொலித்தீன் சொப்பிங் பைக்குள்ளை கட்டி வைச்சிருக்கிறம், பிள்ளை. ஆடுற போட்டிலை நிண்டு உந்தப் பையை அவிட்டு, திரையிலை பதின்மூண்டு பெட்டி நிரப்ப ஏலுமே?"

"முதலே சொல்லியிருக்கலாமே, அண்ணை?"

"நீங்கள் கேக்கேல்லையே!"

சரிதானே?

அதற்குப் பிறகு அஜைல் முறை. கொஞ்சம் செய், காட்டு, திட்டு வாங்கு, திருத்து. புதன்கிழமைதோறும் துறைமுகத்துக்குப் போனோம். முதல் வாரம் பதின்மூன்று பெட்டிகளையும் தூக்கிவிட்டு, அழுத்திப் பேச ஒரே ஒரு பெரிய பட்டன் வைத்தோம். ஈரப் பைக்கு மேலால் தொட்டால் திரை அசையவில்லை. அடுத்த வாரம் போனின் பக்கவாட்டில் இருக்கும் வால்யூம் பட்டனை அழுத்தினாலே பேசலாம் என்று மாற்றினோம். பைக்கு மேலாலும் வேலை செய்தது!

சனிக்கிழமை கூட்டம். கை உயர்த்தச் சொல்வதற்குச் சற்று முன் ஸ்ரெல்லா அக்காவின் போனில் ஆப் கத்தியது; கடலில் இருந்து ஒரு படகு. "அக்கா, அரை மணித்தியாலத்திலை வாறம். சூடை மீன், நூறு கிலோ வரும். ஐஸை இறக்குங்கோ!"

ஐஸ் இறங்கியது. படகும் வந்தது. ஆப் இருக்கட்டும் என்று அத்தனை கைகளும் உயர்ந்தன. ஸ்ரெல்லா அக்கா என்னைக் கட்டிப்பிடித்துச் சிரித்தார்.

நான் குதித்தது அப்போது அல்ல. கூட்டம் முடிந்ததும் அன்ரன் அண்ணை என்னை மறித்தார்.

"பிள்ளை, காத்துக்குள்ளை குரல் தெளிவில்லை. உது பிழை. புதன்கிழமைக்குள்ளை திருத்தவேணும்."

தொண்ணூறு பக்கத்துக்கும் தலையாட்டிய மனிதர் எனக்குப் பிழை சொல்கிறார்... குதிக்காமல் எப்படி இருப்பது?