கால் பட்டால் தொட்டுக் கும்பிடுகிறவர்கள்

எனக்குச் சண்டை போட வரும் என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்குக்குத் தண்ணீர் வராவிட்டால் என்னைத்தான் முன்னால் தள்ளிவிடுவார்கள். மதுரைப் பேச்சும் பத்தொன்பது வருட டெல்லி இந்தியும் சேர்ந்த வாய் இது. சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, ஏதாவது உடற்பயிற்சி செய்யுங்கள் என்று டாக்டர் சொன்னார். தீபாவளி முடிந்த புகையில் பார்க்கில் நடந்தால் இருமல் வந்தது. அப்போது வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "உனக்குப் பிடிச்ச வேலை சண்டைதான. அதையே முறையாக் கத்துக்கயேன்."

கேலிக்குத்தான் சொன்னார். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. நான் மத்திய அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். மூன்று கொட்டேஷன் பார்க்காமல் எங்கள் செக்‌ஷனில் ஒரு நாற்காலிகூட வாங்க மாட்டோம். சண்டைக்கும் அதே விதிதான் என்று முடிவு செய்து, சனி ஞாயிறுகளில் ஒவ்வொரு வகுப்பாகப் போய்ப் பார்க்க ஆரம்பித்தேன். நாற்பத்தாறு வயதில் இது தேவையா என்று மகள் கேட்டாள். தேவைதான் என்றேன்.

முதலில் கராத்தே. லக்ஷ்மிபாய் நகர்ப் பக்கம் ஒரு பார்க்கில் நடந்தது. அங்கே பெல்ட் நிறப்படி வரிசை. பெல்ட்டே இல்லாத நான் கடைசியில், முன்பல் விழுந்த ஒரு சிறுமிக்குப் பின்னால் நின்றேன். குத்தும்போது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும் என்றார் மாஸ்டர். கத்தினேன். அந்தக் குழந்தை அழ ஆரம்பித்துவிட்டது. அதன் அம்மா பார்த்த பார்வைக்குப் பிறகு அந்த பார்க் பக்கமே நான் போகவில்லை.

அடுத்தது டேக்வாண்டோ. அதில் எல்லாம் உதைதான். தலைக்கவசமும் மார்புக் கவசமும் மாட்டி, ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு எதிரே நிறுத்தினார்கள். தட்டுத்தடுமாறி ஒரு உதை விட்டேன், என் கால் அவள் இடுப்பில் பட்டது. அவ்வளவுதான், உடம்பு தானாகக் குனிந்தது. யார் மேலாவது கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாமல் என்னால் இருக்க முடியாது. புத்தகத்தில் பட்டாலும் அப்படித்தான், லன்ச் பையில் பட்டாலும் அப்படித்தான். அப்படிக் குனிந்த என் தலை, அந்தப் பெண்ணின் அடுத்த உதைக்கு வாகான உயரத்தில் போய் நின்றது. கவசம் இருந்ததால் பிழைத்தேன். மறுபடி உதைத்தேன், மறுபடி குனிந்தேன், மறுபடி வாங்கினேன். கூட வந்திருந்த மகள் சிரித்துச் சிரித்துச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள்.

காலே கூடாது என்று குத்துச்சண்டைக்குப் போனேன். அங்கே மூக்குக்கண்ணாடியைக் கழற்றச் சொன்னார்கள். கண்ணாடி இல்லாமல் எனக்கு உலகம் ஒரே மேகமூட்டம். கோச் என்று நினைத்து ஒரு தூணிடம் சந்தேகம் கேட்டேன்.

இப்படி நான் சலித்துப்போயிருந்த நேரத்தில்தான், எங்கள் காலனிச் சமூகக் கூடத்தில் பெண்களுக்கு ஆறு வாரம் ஜூடோ முகாம் என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். போய்ப் பார்த்தேன். ஜூடோவில் முதல் காரியமே எதிராளியின் சட்டையைப் பிடிப்பதுதான். எங்கள் ஊரில் எல்லாச் சண்டையும் சட்டையைப் பிடிப்பதில்தான் தொடங்கும், அதனால் பழகிய இடத்துக்கு வந்த மாதிரி இருந்தது. பிடித்த பிடியை விடாமல் சண்டை போடுவதால் கண்ணாடியும் வேண்டாம். எதிரி எங்கே போய்விடப் போகிறாள். உதையும் கிடையாது என்றார்கள். அன்றைக்கே பெயர் கொடுத்தேன்.

மறுநாள் காலை சமையலறையில் இந்தப் பெருமையை அளந்துகொண்டிருந்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர் எங்கள் வீட்டுக்குப் பாத்திரம் தேய்க்க, பெருக்கித் துடைக்க ஆறு வருடமாக வருகிறவர். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர், ரயில் பாதையோரக் குடியிருப்பில் வீடு. "எங்கள மாதிரி ஆளுங்கள்லாம் வரலாமாம்மா?" என்று கேட்டார். "வாயேன், ஃப்ரீதான்" என்றேன், எங்கே வரப்போகிறார் என்ற தைரியத்தில். அன்று சாயங்காலம் நான் போய்ச் சேர்வதற்கு முன்பே அவர் கூடத்தில் நின்றிருந்தார். சேர்க்கைப் படிவத்தை நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். வயதைக் கேட்டபோதுதான் அவர் என்னைவிட இரண்டு வயது மூத்தவர் என்று தெரிந்தது. ஆறு வருடமாக நீ, வா, போ. தெரிந்த பிறகும் நாக்கு திரும்பவில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கோச் ஒரு ஹரியாணாக்காரப் பெண், நல்ல உயரம். எங்களை வரிசையாக எடை மெஷினில் ஏற்றி, எடை ஒத்தவர்களை ஜோடி சேர்த்தார். நான் அறுபத்தெட்டு கிலோ. கள்ளக்குறிச்சிக்காரர் அறுபத்தேழு. என் எடை எப்படி வந்தது என்று டாக்டருக்குத் தெரியும். அவருடையது எங்கே ஒளிந்திருந்தது என்று எனக்குப் புரியவில்லை, பார்த்தால் அப்படித் தெரியாது. எப்படியோ, ஆறு வாரத்துக்கும் எனக்கு அவர், அவருக்கு நான்.

முதல் வாரம் முழுக்க விழப் பழகினோம். இரண்டாவது வாரம் கோச் காலைத் தட்டிவிடச் சொல்லிக் கொடுத்தார். ஆக, இதிலும் கால் வந்து சேர்ந்தது. சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே, நம் பாதத்தால் எதிராளியின் கணுக்காலைத் தட்ட வேண்டும். நான் தட்டினேன், அவரும் தட்டினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஐயையோ என்று தொட்டுக் கும்பிடக் குனிந்து, தலையோடு தலை மடேரென்று முட்டிக்கொண்டோம். ஒரு முட்டோடு விட்டால் கொம்பு முளைக்கும் என்று இரண்டு பேருக்குமே சின்ன வயதில் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, பேசாமல் இன்னொரு முறை முட்டிக்கொண்டோம்.

கோச் இடுப்பில் கை வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். இது எந்த ஊர் ஸ்டைல் என்று இந்தியில் கேட்டார். விளக்கினேன். "பூஜா பாத் மே கர்னா" என்றார். பூஜையெல்லாம் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். அதிலிருந்து நாங்கள் குனியும்போதெல்லாம் கூடம் முழுவதும் அதையே சொல்லிச் சிரிக்கும்.

மூன்றாவது வாரம் கோச் ஒரு விஷயம் சொன்னார். மால்களுக்கும் ஆபீஸ்களுக்கும் பெண் காவலர்களை அனுப்புகிற கம்பெனியிலிருந்து கடைசி நாள் ஆள் வருவார்கள், ஜோடிகள் தங்களுக்குள் மோதும் போட்டியைப் பார்த்து ஜெயிக்கிறவர்களில் நாலைந்து பேரை வேலைக்கு எடுப்பார்கள் என்றார். மறுநாள் தரையைத் துடைத்துக்கொண்டே கள்ளக்குறிச்சிக்காரர் அதைப் பற்றிப் பேசினார்.

"ஏழு வூட்டுத் தரையும் எனக்குத்தாம்மா நல்லாத் தெரியும். எந்த வூட்டுல என்னா படம் மாட்டியிருக்குதுன்னு கேளுங்க, தெரியாது." துணியைப் பிழிந்தார். "நிமிந்து நின்னு பாக்குற வேலை ஒண்ணு கெடைச்சா போதும். குனியாத வேலை."

"கிடைக்கும், கிடைக்கும்" என்றேன். ஆனால் உள்ளுக்குள் அது நடக்காது என்றே நினைத்தேன், ஏனென்றால் அவரை நான் தினமும் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தேன். இடுப்பில் ஏற்றினால் பூ மாதிரி வந்து விழுவார். வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்து, இன்றைக்கு நாலு தரம் போட்டேன், ஐந்து தரம் போட்டேன் என்று சொல்வேன். மகள்தான், "அம்மா, ரோஜ் ரோஜ் அவங்களே விழறாங்க. கொஞ்சம் அஜீபா இல்ல?" என்றாள், தினமும் அவரே விழுவது விசித்திரமாகப் பட்டதாம். அவளுக்குப் பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் ஆபீஸில் மீட்டிங் இழுத்துவிட்டது. தாமதமாகப் போய்க் கூடத்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே உள்ளே பார்த்தேன். நான் இல்லாததால் கள்ளக்குறிச்சிக்காரரை, பியூட்டி பார்லர் வைத்திருக்கும் ஒரு பஞ்சாபிப் பெண்ணோடு சேர்த்துவிட்டிருந்தார்கள். எண்பது கிலோவுக்குக் குறையாத உடம்பு. கள்ளக்குறிச்சிக்காரர் அந்த அம்மாளின் சட்டையைப் பிடித்தார், ஒரு திரும்பு திரும்பினார். அந்த அம்மாள் மல்லாந்து விரிப்பில் கிடந்தார். எழுந்தார், மறுபடி கிடந்தார். வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்ற எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. உள்ளே போகாமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

மறுநாள் காலை அவர் வந்ததும் வராததுமாகப் பிடித்துக்கொண்டேன். "அப்ப இத்தன நாளும் என்கிட்ட நடிச்சியா?"

"ஆமாம்மா" என்றார், குக்கரைத் தேய்த்துக்கொண்டே.

"என்னத்துக்கு?"

"சாயங்காலம் உங்களத் தூக்கிப் போட்டுட்டு, காலையில உங்க வூட்டு பெல்ல எப்படிம்மா அடிக்கிறது?"

அடுப்பை அணைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினேன். 

"கடைசி நாளும் இப்படித்தான் விழுவியா? அப்ப அந்த வேலை?"

"அதான்மா ரோசனை. உங்கள போட்டும் அவுங்க எடுக்கலன்னா, இந்த வூடும் போயி அந்த வேலையும் போயி நிக்கணும்."

அவர் போன பிறகு காப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வெட்கமாக இருந்தது. கூடவே இன்னொரு கணக்கும் ஓடியது: அவர் ஜெயித்தால் வேலை கிடைத்துப் போய்விடுவார், டெல்லியில் இப்படி நம்பிக்கையான ஆள் எனக்கு எங்கே கிடைப்பார். அவர் தோற்றால் எனக்கு வசதி. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம், வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். அன்று பகல் முழுக்க மூடிக்கொண்டுதான் இருந்தேன். நல்லவள் மாதிரி எழுதிக்கொள்ள ஆசைதான், ஆனால் நடந்தது அதுதான். பொய்யாக அத்தனை தரம் ஜெயித்த கோபம் மட்டும் அடங்கவே இல்லை.

சாயங்காலம் கோச்சிடம் போய் ஜோடியை மாற்றச் சொன்னேன். போட்டி என்றால் எடை ஒத்தவர்கள்தான் மோத வேண்டும், முடியாது என்றார். அப்படியானால் வேறு வழியில்லை. மறுநாள் காலை அவரிடம் சொல்லிவிட்டேன்: "கடைசி நாள் நீ என்னை ஒழுங்காத் தூக்கிப் போடல, வேலைய விட்டு நிறுத்திருவேன்."

அவர் சிரித்துவிட்டார். "போட்டாலும் போவும், போடலன்னாலும் போவுமா?"

"போட்டா போகாது. அவங்க எடுக்கலைன்னாலும் இங்க வரலாம். சத்தியமாச் சொல்றேன்."

"பாக்கலாம்மா" என்றார். நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

கடைசி நாள் வந்தது. கம்பெனிக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதாக மகள் சொன்னாள். கண்ணாடி இல்லாத எனக்கு இரண்டு மங்கலான உருவம்தான் தெரிந்தது. எங்கள் முறை வந்ததும் வணங்கி, சட்டையைப் பிடித்துக்கொண்டோம். அவர் பிடியில் உயிரே இல்லை. நான் தள்ளினால் போகிறார், இழுத்தால் வருகிறார். நேரம் போய்க்கொண்டிருந்தது. "போடு" என்று பல்லைக் கடித்துச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவரே வந்து என் இடுப்பில் ஏறி விழுந்துவிடுவார் என்று தெரிந்தது.

எனக்குத் தெரிந்த ஒரே கலையை எடுத்தேன். அவர் காதருகில் போய்ச் சொன்னேன்: "நேத்து குக்கர்ல சோத்துப் பருக்கை அப்படியே ஒட்டியிருந்துச்சு. ஆறு வருசமாத் தேய்ச்ச லட்சணம் இதானா?"

அவர் நிமிர்ந்தார். அத்தனை கிட்டத்தில் அவர் கண் எனக்கு நன்றாகவே தெரிந்தது.

"பொய் சொல்லாதீங்கம்மா" என்றார்.

பிடி இறுகியது. அவர் பாதம் என் கணுக்காலில் பளீரென்று பட்டது. மேலே மின்விசிறி ஒரு சுற்றுச் சுற்றியது. மல்லாந்து கிடந்தேன். முதல் வாரம் பழகின விழுதல் கை கொடுத்தது, ஒரு அடியும் இல்லை. கால் பட்டதல்லவா, தொட்டுக் கண்ணில் ஒற்ற அவர் கை வரும் என்று பழக்கதோஷத்தில் காத்திருந்தேன். வரவில்லை. அவர் நேராக நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு கையை நீட்டி என்னை இழுத்து நிறுத்தினார்.

கம்பெனிக்காரர்கள் அவரை எடுத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இரண்டு மாதம் எனக்கு ஆள் கிடைக்கவில்லை. தரையைக் குனிந்து துடைத்ததில் சர்க்கரை நன்றாகவே இறங்கியது. வீட்டுக்காரர் இதைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, என் கையிலிருந்த துணியைப் பார்த்துவிட்டுப் பேப்பருக்குத் திரும்பினார். முகாம் முடிந்த பிறகும் கோச் கூடத்தில் வகுப்பைத் தொடர்கிறார்; அங்கே எடையெல்லாம் பார்ப்பதில்லை, பார்லர்காரப் பஞ்சாபி அம்மாள்தான் எனக்கு ஜோடி. அவர் நடிப்பதே இல்லை, தினமும் போடுகிறார்.

போன மாதம் ஒரு மாலுக்குப் போயிருந்தேன். பெண்களைச் சோதிக்கும் திரைக்குள் நுழைந்தால், நீல யூனிஃபார்மும் பளபளப்பான கறுப்பு ஷூவுமாகக் கள்ளக்குறிச்சிக்காரர். எல்லாரிடமும் சொல்வது போலவே, "கைய விரிங்கம்மா" என்றார். விரித்தேன். கருவியை ஓட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "அந்தக் குக்கர் பொய்தானம்மா?"

"பொய்தான். நீங்க தேய்ச்சா ஒட்டுமா?" என்றேன். இந்த முறை நாக்கு தானாகவே திரும்பியிருந்தது.

"தெரியும். பொய்யின்னு தெரிஞ்சப்புறந்தான், நீங்க நெசமாவே போடச் சொல்றீங்கன்னு நம்பினேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவசரமாகப் பையை எடுத்துத் திரும்பினேன். அந்தக் குறுகின திரைக்குள் என் செருப்புக்கால் அவருடைய கறுப்பு ஷூவை மிதித்துவிட்டது. உடம்பு தானாகக் குனிந்தது. தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு நிமிர்ந்தேன்.

அவர் குனியவில்லை. அசையாமல் நின்றபடி, அப்படியே கோச்சின் குரலில் சொன்னார்: "பூஜா பாத் மே கர்னா. பின்னாடி க்யூ நிக்குது பாருங்க."