டெல்ஃபின் கோத்த சாட்சியம்

அமெரிக்காவின் சவானா நகரத்துக் கறுப்பர்களுக்காக வந்துகொண்டிருந்த ‘லாந்தர்’ வார இதழில் டெல்ஃபின் ரட்லெட்ஜ் பதினோரு வருஷமாகக் கம்பாசிட்டர். அவள் விரல்கள் ஈய எழுத்துகளைப் பொறுக்குகிற வேகத்தைப் பார்ப்பதற்கென்றே சிலர் அச்சகத்துக்குள் எட்டிப் பார்ப்பார்கள். பிறர் எழுதியதைக் கோப்பதுதான் அவள் வேலை. தானாக ஒரு வரி எழுதியதில்லை.

1906 செப்டம்பரில், டிராமில் கறுப்பர்கள் பின்வரிசையில்தான் உட்கார வேண்டும் என்று நகரசபை சட்டம் போட்டது. சில நாட்களில், டெல்ஃபின் வேலைக்குப் போன வண்டியிலேயே அது நடந்தது. பீப்பாய் செய்கிற லூஷியஸ் கேட்லின் ஒரு வெள்ளைக்காரருக்கு இடம்விட்டு எழ மறுத்தான். கண்டக்டர் ஓர் இரும்புக் கம்பியால் அவன் தலையில் அடித்தான். ரத்தம் சொட்டச் சொட்டப் போலீஸ் இழுத்துப் போனது. வெள்ளைக்காரர்களின் நாளிதழ் அன்று மாலையே கதையைத் திருப்பிப் போட்டது. கேட்லின் கத்தியை உருவினானாம். கண்டக்டர் பிழைத்ததே பெரும்பாடாம்.

லாந்தரின் ஆசிரியர் ஆம்புரோஸ் பெட்டிக்ரூ காரசாரமாகத் தலையங்கம் எழுதினார். அதைக் கோத்துக்கொண்டிருந்த டெல்ஃபின், ‘கத்தி இருந்ததாகத் தெரியவில்லை’ என்ற இடத்தில் கையை நிறுத்திவிட்டாள்.

“என்ன சார் இது, தெரியலைன்னு போட்டிருக்கீங்க? நான் எதிர் பெஞ்சுல உக்காந்திருந்தேன். அவன் மடியில இருந்தது சோத்து டப்பா.”

“சாட்சியோட பேரு இல்லாம நான் வேற எப்படி எழுதறது? பேரைப் போட்டா உன் வீட்டு வாசலுக்கே வந்து நிப்பாங்க, டெல்ஃபின்.”

“விலாசத்தையும் சேர்த்தே போட்டுடறேன். பாவம், தேடி அலைய வேணாம்.”

பெட்டிக்ரூவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் தாளில் எழுதக்கூட இல்லை. பார்த்ததை நேராக எழுத்தெழுத்தாகக் கோத்தாள். வண்டி எண், நேரம், அவன் உட்கார்ந்திருந்த வரிசை, முதல் அடி விழுந்த இடம், கடைசியில் அவள் பெயர். விரல் ஒன்றுகூடத் தவறவில்லை. ஈரம் காயாத புரூஃபைப் படித்த ஆசிரியர் ஒரு கமாவைக்கூட மாற்றாமல் முதல் பக்கத்தில் வைத்தார்.

சனிக்கிழமை மதியத்துக்குள் ஒரு பிரதி மிச்சமில்லை. மறுபடி அச்சடித்தார்கள். ஞாயிறன்று பாதிரிமார் பிரசங்க மேடையிலிருந்தே அதை வாசித்தார்கள். திங்கட்கிழமை டிராமில் ஏற மனமில்லாமல் டெல்ஃபின் நடந்தே வேலைக்குக் கிளம்பினால், தெரு நிறைய ஜனம் நடக்கிறது! சலவைக்காரிகள், துறைமுகக் கூலிகள், பள்ளி வாத்தியார்கள். காலி டிராம் ஒன்று அவர்களைக் கடந்து போனபோது, தலையில் துணிக்கூடையோடு நடந்த ஒருத்தி அதன் கண்டக்டரைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்: “என்னண்ணே, காத்துக்கு டிக்கெட் கிழிச்சாச்சா?” தெருவே சிரித்தது. டெல்ஃபினுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

புதன்கிழமை அச்சக ஜன்னலை உடைத்துக்கொண்டு செங்கல் விழுந்தது. எழுத்துப் பெட்டிகள் கவிழ்ந்து தரையெல்லாம் ஈயம். அவள் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தபோது, கேட்லின் அடிபட்ட டிராமில் அன்று வந்த இரண்டு பெண்கள் கதவைத் தட்டினார்கள்.

“எங்க பேரையும் போட்டுக்கோ, சிஸ்டர். நாங்களும் பாத்தோம்.”

கோர்ட்டில் மூவரும் ஒன்றுபோலச் சொன்னார்கள். கத்தியைக் காட்டச் சொன்னபோது கண்டக்டர் திருதிருவென்று விழித்தான். கத்தி வழக்கு தள்ளுபடியானது. இடம்விட்டு எழாததற்காக மட்டும் கேட்லின் பத்து நாள் ஜெயிலில் இருந்தான். சட்டம் மாறவில்லை. டிராம்களோ மாதக்கணக்கில் பாதிக் காலியாகவே ஓடின.

பெட்டிக்ரூ அவளுக்கு வாராவாரம் அரைப் பக்கம் ஒதுக்கினார். கைதிகளைச் சங்கிலியில் பிணைத்துச் சாலை போட வைப்பதைப் பற்றி முதலில் எழுதுவதென்று முடிவு செய்து, கேட்லின் வெளியே வரும் நாளில், உள்ளே பார்த்ததை அவனிடமே கேட்டுத் தெரிந்துகொள்ள ஜெயில் வாசலுக்கு அவள் விடுவிடுவென்று நடந்தாள்.