விருந்தாளிக்குக் கொடுத்த ஆட்டம்

கோயமுத்தூரில் எங்கள் கிளப் நடத்திய ஸ்னூக்கர் அழைப்புப் போட்டிக்கு வெளியூரிலிருந்து பதினைந்து பேர் வந்தார்கள். எல்லாரும் அதையே தொழிலாகக் கொண்டவர்கள். பதினாறாவது இடம் உள்ளூர்க்காரர் ஒருவருக்கு. அது எனக்குக் கிடைத்தது. லேத் பட்டறை வைத்திருக்கும் ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? போட்டியையே ஜெயிக்கும் பேராசையெல்லாம் இல்லை. ஐந்து ஆட்டத்தில் மூன்றை முதலில் எடுப்பவருக்கு வெற்றி; எனக்கு அதில் ஒன்றே ஒன்றை எடுத்தால் போதும். அடுத்த வருடம் முதல் அந்த இடம் இளவட்டங்களுக்குத்தான் என்று கமிட்டி முன்பே சொல்லிவிட்டது.

மனைவிக்கு இருபது வருடமாக ஒரே கேள்வி: அந்தப் பச்சை மேசையில் அப்படி என்னதான் இருக்கிறது? அன்று தானும் பார்க்க வருவதாகச் சொன்னாள்.

காலையில் பயிற்சியின்போது, அன்றைக்கு என்னோடு மோத வேண்டிய வடநாட்டுக்காரர், ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மதியம் வீட்டுக்கு வாருங்கள் என்றேன். மனைவி அரிசிம்பருப்பு சோறு ஆக்கி, நெய்யைத் தாராளமாக ஊற்றிப் பரிமாறினாள். மனுசன் மூன்று முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். இனி கண்ணைச் சொருகும், நமக்கு நல்லதுதான் என்று உள்ளுக்குள் எனக்கு ஒரு நப்பாசை. எங்கே சொருகியது? மூன்று மணிக்கு மேசைக்கு வந்தவர் முதல் இரண்டு ஆட்டத்தையும் மளமளவென்று முடித்துவிட்டார்.

மூன்றாவதில் எனக்குக் கை கூடி வந்தது. முன்னிலையில் இருந்தேன். அப்போது அவர் அடித்த பந்து சிவப்பைத் தொடாமலே போய் ஃபவுல் ஆனது. வெள்ளைப் பந்து மேசையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. அங்கிருந்து யார் அடித்தாலும் சிக்கல்தான். ஸ்னூக்கரில் இதற்கு ஒரு வழி உண்டு. தவறு செய்தவரையே மறுபடி ஆடச் சொல்லலாம்.

நடுவர் என் பக்கம் திரும்பி, "அவரையே ஆடச் சொல்லட்டுங்களா?" என்றார்.

தலையை ஆட்டினால் போதும். ஆட்ட முடியவில்லை. மதியம் என் வீட்டில் கை நனைத்தவரை, அத்தனை பேர் முன்னால் நானே மாட்டிவிடுவதா?

"பரவால்லீங்க, நானே ஆடிக்கறேன்," என்றேன்.

ஆடினேன். பந்து எங்கேயோ போயிற்று. அவர் எழுந்து வந்து மிச்சத்தையெல்லாம் வழித்துத் துடைத்துவிட்டார். கைகுலுக்கும்போது, உங்கள் வீட்டு நெய் அருமை என்றார்.

கார் அவிநாசி ரோட்டுக்கு வந்ததும் மனைவி ஆரம்பித்தாள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்டு அந்த விதியைத் தெரிந்துகொண்டிருக்கிறாள்.

"சோறு போட்டது நானுங்க," என்றாள். "எனக்கே விருந்தாளியாச்சேங்கற யோசனை வர்ல. உங்களுக்கு எதுக்குங்க வந்துச்சு?"

கிடைத்த ஒரே வாய்ப்பையும் கையாலேயே தள்ளிவிட்டேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

சிக்னலில் வண்டி நின்றது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொன்னாள்:

"நாளைக்குக் கிளப்புக்குப் போறப்ப என்னையுங் கூட்டிட்டுப் போங்க. நீங்க ஒரு ஆட்டமாச்சும் ஜெயிக்கறத நான் பாக்கோணுமுங்க."