நாலாம் நிமிஷத்தில் நிற்கிற வீடியோ

ரிட்டயர் ஆன மறுவாரமே என் கணவர் மாடி அறைக்குக் குடிபோய்விட்டார். பீரோவில் கிடந்த பழைய கேசட், சிடி, ஆல்பம் எல்லாவற்றையும் அங்கே இருந்த கம்ப்யூட்டரில் ஏற்றினார். பிறகு வைஃபை வழியாக அதைக் கூடத்து டிவியோடும், சமையலறையில் நான் வைத்திருக்கும் டேப்லெட்டோடும், எங்கள் போன்களோடும் இணைத்தார். மாடியில் இருக்கிற பாட்டு கீழே ரசம் கொதிக்கும்போது ஓடும். ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீதியில் ஒருத்தர் பாக்கியில்லாமல் கூப்பிட்டு உட்கார வைத்துக் காட்டினார். பாவம், வந்தவர்கள் காபிக்காகப் பொறுத்துக்கொண்டார்கள்.

"ஆளுக்கு ஒரு கணக்கு வச்சுக்கலாமாங்க?" என்று கேட்டேன்.

"ஒரே வீடு. ரேஷன் கார்டே ஒண்ணுதான் இருக்கு. இதுக்கு மட்டும் எதுக்கு மூணு பாஸ்வேர்டு?" என்றார். இன்ஜினியராம்! எல்லாருக்கும் சேர்த்து ஒரே கணக்குதான் போட்டார்.

இதெல்லாம் நடந்தபோது அவர் எங்கள் மகளோடு பேசுவதில்லை. ஒரே மகள், சென்னையில் வேலை. ஜீயபுரத்தில் ஒரு வரனைப் பார்த்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சம்மதம் சொல்லிவிட்டார். அவள் முடியாது என்றாள். "என் மானத்தை வாங்கிட்டே, இனிமே அப்பான்னு கூப்பிடாதே" என்று போனில் கத்தினார். தப்பு யார் மேல் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனால் வீம்பு என்று ஒன்று இருக்கிறதே! அவள் போன் செய்தால் "உனக்குத்தான்" என்று என்னிடம் நீட்டிவிட்டு மாடியேறிவிடுவார். ஏழு மாதம் இப்படியே போயிற்று. இரண்டு பேருக்கும் நடுவில் நான் தபால்காரி. எனக்கு எரிச்சலும் அழுகையும் மாறி மாறி வரும்.

ஒருநாள் மத்தியானம் சமையல் வீடியோ போடலாம் என்று டேப்லெட்டைத் திறந்தேன். பாதி பார்த்தவை என்று மேலே ஒரு வரிசை இருக்கும். அதில் முதலாவதாக மகள் சைக்கிள் கற்றுக்கொண்ட வீடியோ நின்றது. அப்போது அவளுக்கு எட்டு வயது. இரவல் கேமராவில் நான்தான் எடுத்தேன். எதுவரை பார்த்தது என்று காட்டுகிற கோடு நாலாம் நிமிஷத்தோடு நின்றிருந்தது. நான் பார்க்கவில்லையே, அப்படியானால் வேறு யார்?

மறுநாள் என் சமையல் வீடியோவைத் தள்ளிவிட்டு அதுவே மறுபடி முதலில் வந்து நின்றது. அடுத்த நாளும் அப்படித்தான். கோடு மட்டும் அந்த நாலாம் நிமிஷத்தைத் தாண்டவே இல்லை. மாடியில் "பைல் எல்லாம் அடுக்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டு மனுஷர் செய்த வேலை இதுதான். பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதை! பார்த்த இடத்தை ஒரே கணக்கு எல்லாப் பெட்டியிலும் காட்டிக்கொடுக்கும் என்பது அதைப் போட்ட மேதைக்கே தெரியவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் அங்கேயே நிறுத்துகிறார் என்று யோசித்ததும் சிரிப்பு போய்விட்டது. அந்த இடத்தில்தான் அவர் சீட்டிலிருந்து கையை எடுப்பார், அவள் விழுவாள், இவர் அவளைத் திட்டுவார். அந்தத் திட்டைக் கேட்க அவருக்கு மனசு வரவில்லை. மிச்சத்தைப் போட்டுப் பார்க்க எனக்குக் கை துறுதுறுத்தது. தொட்டால் கோடு நகர்ந்து, நான் கண்டுபிடித்தது அவருக்குத் தெரிந்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

அந்த மாதக் கடைசியில் மகள் இரண்டு நாள் லீவில் வந்தாள். அவள் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே இவர் மாடியேறிவிட்டார். அவள் முகம் வாடிப்போயிற்று. நான் ரிமோட்டை அவள் கையில் திணித்தேன். "ஏதாவது பாரு, தோசை ஊத்தறேன்."

கொஞ்ச நேரத்தில் குரல் வந்தது. "அம்மா, இதை யாரும்மா பார்க்கறா?"

"மேல இருக்கறவர்தான். தினமும் பார்க்கறார். அந்த இடம் வரைக்கும்தான்."

சத்தத்தைக் கூட்டி, நின்ற இடத்திலிருந்து ஓடவிட்டாள். சைக்கிள் சாய்ந்தது. "முண்டம், நேராப் பாரு!" என்று அவருடைய இளவயசுக் குரல் கூடத்தையே அதிர வைத்தது. அதற்குமேல் படம் இல்லை. நான் பதறிப்போய் கேமராவைத் தொங்கவிட்டிருக்கிறேன், திரையில் என் செருப்பும் ரோடும்தான் ஆடின. பேச்சு மட்டும் பதிவாகியிருந்தது.

"நீங்க ஏன் கையை எடுத்தீங்க? எங்கிட்ட சொல்லாம எடுத்தா நான் என்ன பண்றது?" குழந்தைக் குரல் விம்மியது.

பிறகு அதே பதிவில் அவர் குரல் தணிந்து கேட்டது. "தப்புதாம்மா. உங்கிட்டக் கேட்டுட்டுத்தான் எடுத்திருக்கணும். அழாதே கண்ணு."

கரண்டியோடு எட்டிப் பார்த்தேன். அவர் படிக்கட்டில், கடைசிப் படியில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

"நானா அப்படிச் சொன்னேன்?"

"நீங்கதாம்ப்பா" என்றாள் மகள்.

வந்து சோபாவின் அந்தக் கோடியில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "எட்டு வயசுப் பொண்ணுகிட்ட சட்டுன்னு சொல்லிட்டேன். இப்ப ஏழு மாசமா வாயில வரமாட்டேங்குது."

அவள் ரிமோட்டை எடுத்தாள். "இன்னொரு தடவை போடட்டுமாப்பா?"

"வேணாம்" என்று அவள் கையைப் பிடித்து நிறுத்தினார். "நானே சொல்றேன்."